கடைசிக் குதிரையும் வந்து சேரணும்!

நாகர்கோவிலிலிருந்து முட்டத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர். பஸ் அம்மாண்டிவிளையைத் தாண்டியதும், தென்னந்தோப்புக் காற்றில் உப்பு வாசனை கலந்துவிடுகிறது. ஜன்னலோர சீட்டில் இருந்த நான் போனை எடுத்து, பழக்கதோஷத்தில் ‘அண்ணாச்சி, வந்துட்டேன்’ என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

முட்டம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘கடலோரக் கவிதைகள்’, பாறைகள், சர்ச், கலங்கரை விளக்கம். எனக்கு முட்டம் என்றால் குதிரை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2024 செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து, அரசு அந்த இடத்துக்கு சீல் வைத்தது. சுமார் 160 ஏக்கர் நிலம். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலான பந்தய வரலாறு கொண்ட இடம். அன்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் டியூட்டியில் இருந்தது நான். குதிரைக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சின்ன வயதில் மெரினாவில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு போனதுதான். தெரிந்தவர் ஒருவர், குதிரைப் பந்தயப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே நான் கேட்ட முதல் கேள்வியே சொதப்பல். உடனே தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“மக்களே, தெரியாதத கேக்கதுல தப்பில்ல. தெரிஞ்ச மாதிரி எழுதிப் போட்டுராத.”

அதுதான் அண்ணாச்சி. பெயர் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால், குழுவில் எல்லோரும் கூப்பிட்டபடி ‘முட்டம் அண்ணாச்சி’ என்றே வைத்துக்கொள்வோம். முட்டத்தில் பிறந்தவர். இளவயதில் மெட்ராஸுக்கு ரயிலேறி, கிண்டி லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘சைஸ்’ ஆகச் சேர்ந்தவர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, பந்தயத்துக்கு நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் சைஸின் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்.

பிறகு வாரத்தில் மூன்று நாளாவது பேசிவிடுவோம். அவரிடம் நான் கற்றது ஏராளம். பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும், வயதுக் கணக்குக்கு நம் நாட்டில் ஜனவரி 1-தான் பிறந்த நாள். ஜெயித்த தூரத்தை அடிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். ஒரு குதிரை நீளம், ஒரு கழுத்து, ஒரு தலை, ஒரு மூக்கு என்று குதிரையின் உடம்பைக் கொண்டே அளப்பார்கள்.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்ததையும், 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘இது திறமை சார்ந்த விளையாட்டு’ என்று தீர்ப்பளித்ததையும் படித்துவிட்டு அவரிடம் கேட்டேன். “தெறம இருக்கு, இல்லன்னு சொல்லல. அது குதிரைக்கும் ஜாக்கிக்கும். டிக்கெட் எடுத்தவனுக்கு என்ன தெறம மக்களே? சம்பளக் கவரோட வந்து வெறுங்கையா போனவன் எத்தன பேர பாத்துருக்கேன்” என்றார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு ரூபாய்கூட பந்தயம் கட்டியதில்லையாம்.

இன்னொரு நாள் மார்க்கோ போலோவைப் பற்றிப் பேச்சு வந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர், அரபு நாடுகளிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். பெரும் பணம் கொடுத்து வாங்கிய குதிரைகள், சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் ஏராளமாகச் செத்துப்போயின என்றும் சொல்கிறார். இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “காசு குடுக்க ஆளு இருந்துருக்கு. கூட நிக்க ஆளு இல்ல” என்றார்.

அவரிடம் எனக்குப் புரியாத பழக்கம் ஒன்று இருந்தது. மும்பை, பெங்களூரு பந்தய வீடியோ எதை அனுப்பினாலும், “கடைசிக் குதிரை வந்துச்சா?” என்று கேட்பார். ஜெயித்த குதிரை கோட்டைத் தொட்டதும் வீடியோ முடிந்துவிடும். “தெரியலையே அண்ணாச்சி” என்பேன். “ஜெயிச்சதுக்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. கடைசியா வாறதுக்கும் ஒருத்தன் கயிறோட நிப்பான். அவனுக்கு அதுதான் மொதக் குதிரை” என்பார். நான் ஒரு சிரிப்பு எமோஜி போட்டு நகர்ந்துவிடுவேன்.

“ஒருக்கா முட்டம் வா, மீன் கொழம்பு வச்சித் தாறேன்” என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் “அடுத்த மாசம்” என்றேன்.

இந்த ஜனவரி 1-ம் தேதி அவரிடமிருந்து வாழ்த்து வரவில்லை. போன வருடம், ‘எல்லாக் குதிரைக்கும் பொறந்த நாள்’ என்று நள்ளிரவிலேயே அனுப்பியிருந்தார். மதியம் அவர் எண்ணிலிருந்து மகள் பேசினார். டிசம்பரிலேயே, தூக்கத்தில் உயிர் பிரிந்திருக்கிறது.

முட்டத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ‘குதிரக்காரர் வீடு’ என்றதும் சிறுவன் ஒருவன் கூட்டிப்போய் விட்டான். மகள் கட்டன் சாயா கொடுத்தார். “அப்பா உங்களப் பத்தி ரொம்ப சொல்லுவாங்க. மெட்ராஸ்ல ஒரு பிள்ள இருக்கு, நெறைய கேள்வி கேக்கும்னு.” நான் தலை குனிந்துகொண்டேன். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்தது.

அண்ணாச்சியின் அப்பா கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனவர். அண்ணாச்சி சிறுவனாக இருந்தபோது, ஒரு நாள் காலையில் எல்லா மரமும் கரைக்கு வர, அவர் மரம் மட்டும் வரவில்லை. “சாயங்காலம் வரைக்கும் அப்பா கரையிலயே நின்னாங்களாம். அதுக்கப்புறம் கடலுக்குப் போக மாட்டேன்னு மெட்ராஸ் போயிட்டாங்க.” ஒன்றேகால் வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் விடியும்போதே கடற்கரைக்குப் போனேன். கலங்கரை விளக்கம் நிற்கும் மேட்டின் செம்மண்ணில் இளவெயில் விழுந்திருந்தது. கீழே பாறைகளில் அலை மோதித் தெறித்தது. (சுற்றுலா வருபவர்கள் கவனிக்க: பார்க்க அழகான பாறைகள்தான், ஆனால் வழுக்கும். செல்ஃபிக்காக அலைப்பக்கம் இறங்க வேண்டாம். ஜூன் முதல் சில மாதங்கள் கடல் ரொம்பவே சீற்றமாக இருக்கும்.) இரவில் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பின. சாளையும் அயிலையும் கூடைகளில் குவிய, ஏலச் சத்தம் எழுந்தது.

கூட்டத்திலிருந்து தள்ளி வயதான அம்மா ஒருவர், நெற்றியில் கை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். “உங்க வீட்டு வள்ளம் இன்னும் வரலையாம்மா?” என்று கேட்டேன்.

“எங்க வள்ளம் அப்பவே வந்தாச்சி மக்களே. இன்னொண்ணு வரணும்லா.”

யாருடையது என்று கேட்டேன். யாருடையதோ என்பதுபோலக் கையை அசைத்தார். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் இந்தக் கரையோர ஊர்களுக்குத் திரும்பவே இல்லை. தன் வள்ளம் வந்த பிறகும் அந்த அம்மா நிற்பதைப் பார்த்தபோதுதான், “கடைசிக் குதிரை வந்துச்சா?” என்ற கேள்வி எந்தக் கரையிலிருந்து கிண்டிக்குப் போயிருந்தது என்று எனக்குப் புரிந்தது.

நானும் அவர் பக்கத்தில் நின்றேன். அரை மணி நேரம் கழித்து, வெயில் ஏறிய தண்ணீரில் ஒரு புள்ளி தெரிந்தது. மெல்ல வள்ளமாகிக் கரையைத் தொட்டது. யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். அந்த அம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு பஸ் ஏறினேன். நேற்று டைப் செய்த மெசேஜ் அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினேன்.

‘அண்ணாச்சி, கடைசி வள்ளமும் வந்துருச்சு.’