வகுப்பைச் சேர், வகுப்பை நீக்கு

'வகுப்பு' என்றதும் நம் நினைவுக்கு வருவது கரும்பலகையும் வெண்கட்டியும்தான். இணையப் பக்கம் வடிவமைப்போருக்கோ அது வேறு பொருள் தரும் சொல். ஒரு பத்தி, ஒரு பொத்தான், ஒரு படம் எனப் பக்கத்தின் எந்த உறுப்புக்கும் வகுப்புப் பெயர் சூட்டலாம். 'இந்தப் பெயருடையவை பெரிய எழுத்தில் தோன்றட்டும், அந்தப் பெயருடையவை மறைந்திருக்கட்டும்' என்று சி.எஸ்.எஸ். தாளில் எழுதிவிட்டால் உலாவி அப்படியே செய்யும். பக்கம் திறந்த பிறகு அப்பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் பணி. கணினித் துறை சாராத நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தமிழும் இதில் வருகிறது.

முன்பெல்லாம் ஓர் உறுப்பின் வகுப்புகள் அனைத்தும் 'கிளாஸ்நேம்' என்ற ஒரே சரமாகவே நிரலுக்குக் கிடைத்தன. அதில் புதிய பெயரை எழுதினால் பழைய பெயர்கள் யாவும் அழிந்துபோகும். ஒன்றை மட்டும் நீக்க வேண்டுமானால் சரத்தை வெட்டி ஒட்ட வேண்டும். 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவரி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. பின்னர் உலாவிகளிலேயே 'கிளாஸ்லிஸ்ட்' வந்தது. ஃபயர்பாக்ஸில் 2010இல், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 2012இல். சேர்க்க 'ஆட்', நீக்க 'ரிமூவ்', இருந்தால் நீக்கி இல்லையென்றால் சேர்க்க 'டாகிள்', இருக்கிறதா என்று கேட்க 'கன்டெய்ன்ஸ்'. இல்லாத பெயரை நீக்கச் சொன்னாலும் அது கோபித்துக்கொள்வதில்லை.

'ரிமூவ்' என்ற சொல்லைப் பாடத்தில் முதன்முதலாகக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் பலருக்கு அது ஒரு வகுப்பின் பெயர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் குறிப்பிட்ட நிலையை எட்டாதவர்கள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு இருக்க வேண்டிய புகுமுக வகுப்பு, 'கெலாஸ் பெராலிஹான்'. அந்தத் தேர்வே 2021இல் கைவிடப்பட்டுவிட்டது. நானும் அந்த ஓராண்டு இருந்தேன்; மலாய் நன்றாகவே வந்தது. ஆனால் நான்காம் படிவத்திலும் எங்களைப் 'பூடாக் பெராலிஹான்' என்றே அழைத்தார்கள். கணிதத்தில் முதலிடம் பெற்ற நண்பனுக்கும் அதே பெயர்தான். திரையில் ஓர் உறுப்புக்கு ஒரே நேரத்தில் பத்து வகுப்புகள் இருக்கலாம். எங்களுக்கோ அந்த ஒன்றுதான் மற்றவற்றையெல்லாம் அழித்து எழுதப்பட்டிருந்தது.

இப்போது நம் கழகத்தின் இணையத்தளத்திற்கு வருகிறேன். அதில் ஒரு 'பெரிய எழுத்து' பொத்தான் வைத்தோம். தமிழ் எழுத்துகளில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், ரோமன் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. ஆகவே 'பெரிது' வகுப்பு சேரும்போது எழுத்தளவோடு வரி இடைவெளியும் கூடும்படி செய்தோம். (இது தமிழ்ப்பகுதி, இது மலாய்ப்பகுதி என்று குறிக்க மட்டும் வகுப்பைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 'லாங்' பண்பு உண்டு. பார்வையற்றோருக்கு உரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் அதைத்தான் பார்க்கும். வகுப்பு வெறும் உடை.)

'பெரிது' என்று தமிழிலா பெயர் வைத்தீர்கள் என்று கேட்கலாம். ஆம், வைக்கலாம், சி.எஸ்.எஸ். அதை அனுமதிக்கிறது. செயலவையில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. "அண்ணே, அடுத்த வருசம் வர்றவங்களுக்குத் தமிழ்ல தட்டவே தெரியலனா என்னா செய்வாங்க?" என்றாள் இளைய தோழி ஒருத்தி. "கத்துக்குவாங்க" என்றேன் நான். அவள் விடவில்லை. 'தோன்று' என்ற பெயரை இரு விதமாகத் தட்டித் திரையில் காட்டினாள். 'தோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உலாவியோ குறியீடுகளை அப்படியே ஒப்பிடுவதால் இரண்டையும் வெவ்வேறு வகுப்பாகக் கொள்ளும். பிழைச்செய்தியும் வராது, பொத்தான் சும்மா இருக்கும்.

வாதம் அவளுடையது, முடிவு இருவருடையதுமாக அமைந்தது: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வராத தமிழ்ச் சொற்கள் மட்டும். 'தோன்று' போய் 'தெரி' வந்தது. 'மறை', 'பெரிது', 'இருள்' ஆகியவை தப்பின. தமிழ்ப் பெயர்களை முழுவதும் கைவிட எனக்கு மனமில்லை. நிரலைத் திறக்கும் அடுத்த மாணவர் உள்ளேயும் தமிழைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்; வேறு தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை.

என் அம்மா கைத்தொலைபேசியில் அதை அழுத்திப் பார்த்தார். எழுத்து பெரிதானது. அடுத்த பக்கத்திற்குப் போனார், மீண்டும் சிறிதானது. நிரல் சேர்த்த வகுப்பு அந்தப் பக்கம் மூடும்வரைதான் உயிரோடிருக்கும். அதனால் வாசகரின் தேர்வை உலாவியின் 'லோக்கல்ஸ்டோரேஜ்' சேமிப்பில் எழுதிவைத்து, ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது வகுப்பைத் திரும்பச் சேர்க்கும்படி இரண்டு வரிகள் கூட்டினோம். இப்போது அம்மா சிறுகதைப் பகுதியில் இருக்கிறார்.