மீண்டும் 'காஸ்மாஸ்'

கார்ல் சேகன் 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழங்கிய 'காஸ்மாஸ்' அறிவியல் தொடரின் தீராத ரசிகன் நான். அவர் 1996-இல் மறைந்தார். 2014-இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்க, அத்தொடர் புத்துயிர் பெற்றது. பழையதில் 1500 கோடி ஆண்டாக இருந்த அண்டத்தின் வயது, புதியதில் 1380 கோடி! காட்சிகளும் கண்ணைப் பறிக்கின்றன. ஆயினும் சேகனின் நிதானக் குரலுக்கு ஈடேது?

அது நிற்க. 1975-இல், பதினேழு வயதுப் பள்ளி மாணவனாயிருந்த டைசனைச் சேகன் இத்தாக்காவுக்கு அழைத்து, ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினாராம். பனியால் பேருந்து வராவிட்டால் தம் வீட்டில் தங்கலாமென்று தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தாராம். முதல் பகுதியின் இறுதியில் டைசனே சொல்கிறார்.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். மேலே என்ன படிப்பது, யாரைக் கேட்பது என்று அறியாதவன். அந்த இடத்தை மட்டும் நான்கு முறை பார்த்தேன். பக்கத்திலிருந்த தம்பி கேட்டான்: "பஸ் வந்துச்சா அண்ணே?"