மரியோ விட்ட வாணம்

சிவகாசிக்காரன் கேம் ஆடினால் கிராபிக்ஸை அப்புறம்தான் பார்ப்பான், முதலில் வெடியைப் பார்ப்பான். அந்தக் கணக்கில் என் ஓட்டு இன்னமும் 1985-ல் வந்த சூப்பர் மரியோவுக்குத்தான்.

கொடிக்கம்பத்தைத் தொடும்போது டைமரின் கடைசி எண் 1, 3, 6 என்று இருந்தால் கோட்டைக்கு மேலே அத்தனை வாணம் வெடிக்கும். ஒவ்வொன்றுக்கும் 500 பாயிண்ட். வேறு எண் என்றால் நமுத்துப்போன பட்டாசுதான், ஒன்றும் வராது! டிவி கேம் கேசட்டில் இதற்காகவே கம்பத்துக்கு முன்னால் டைமரைப் பார்த்தபடி நிற்பேன். (தம்பி கடுப்பாகி ரிமோட்டைப் பிடுங்குவான்.)

2000-ல் பிஎஸ் 2-வுக்கு சோனி விட்ட 'ஃபேன்டாவிஷன்' முழுக்க வாணவேடிக்கைதான். ஒரே நிற வாணங்களைக் கோர்த்து வெடிக்க வைக்கணும். அழகு. ஆனால் புகையும் மருந்து வாசமும் இல்லாமல் என்ன வாணம்?

1993-ல் வந்த டூமும் பிடிக்கும். பீப்பாயைச் சுட்டால் பக்கத்தில் நிற்பவன் காலி. நாமே செத்தாலும் மறுபடி ஆடலாம். என்ன, எங்கள் வீட்டில் அதை ஸ்பீக்கரில் ஆட முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகு 'டொம்' என்று கேட்டாலே அம்மா வாசலுக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பாங்க. சித்தி பட்டாசு ஆபீசுக்குப் போயிருப்பாங்க. பப்ஜி 2020-ல் தடையாகி, 2021-ல் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது. அதையும் ஹெட்போனில்தான் ஆடுகிறேன்.