பால்கனித் தக்காளியும் பாஸ்தாவும்

டெல்லிக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷமாச்சு. பால்கனியில நாலு தொட்டி தக்காளி. மார்ச்சில கொத்தாப் பழுக்கும். மே வெயில்ல பூவெல்லாம் கொட்டிடும். அதுக்குள்ள பாஸ்தா செஞ்சாகணும்னு மகள் உத்தரவு.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பூண்டோட தக்காளியை வதக்கி, பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி விட்டா சாஸ் நல்லா ஒட்டிக்கும், அதுல மாவுச்சத்து இருக்கே. கடைசியா தொட்டியில வளர்ற பேசில் இலை.

அம்மா மோந்து பார்த்துட்டு, "நம்ம திருநீற்றுப்பச்சிலைடா இது!"ன்னாங்க. ஆமாங்க, ரெண்டும் ஒரே இனம்தான். சர்பத்துல போடுற சப்ஜா அதோட விதை. ஊரை விட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டுல மனசே இல்லாம இருந்தவங்க, அன்னைக்கு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

அடுத்த மாற்றல் எப்ப வேணா வரலாம். தொட்டிகளைத் தூக்கிட்டுப் போக முடியாது. விதைகளை மட்டும் காகிதத்துல மடிச்சு வெச்சிருக்கேன்.