கையில் இல்லாத நடுக்கம்

திருத்தணிக் குன்றுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கொன்று என்பர். அடிவாரத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த நாள்களெல்லாம் செங்கல் நாள்களாகவே கழிந்தன. நைனாவிடம் பழைய 407 வண்டி ஒன்று இருந்தது. (எல்லைப்புறத்தில் தமிழ் பேசும் வீடுகள் பலவற்றிலும் அப்பா நைனாதான்.) நகரியில் கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவோம். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. வீடு கட்டுகிறவர்களுக்கு இதனால் குறையொன்றும் இல்லை.

2004-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நடைக்கு இன்னும் முந்நூறு கல் கூட்டி ஏற்றினால் கடன் விரைவில் அடையும் என்று மூத்தவர்களாகிய நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். பட்டறையொன்றில் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளைக் கூட்டி, அச்சுக்கு மேல் ஓர் இரும்புக் கட்டையும் வைத்துத் தந்தார்கள். வண்டியின் பின்புறம் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தது. தயாரிப்பாளர் வகுத்ததை இவ்வாறு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது.

வண்டி ஓட்டியவன் எங்கள் தம்பி. பத்து நாளில் வந்து, "அண்ணே, ஸ்டியரிங்கத் தொட்டாலே திரும்பிடுது. திருப்பினா தானா நேராவும் மாட்டேங்குது" என்றான். பாரம் ஏற்றிய வண்டியில் அவனோடு நகரி வரை போய்ப் பார்த்தோம். கோடு போட்டாற்போல் சென்றது. அங்கே வேலை இருந்ததால் பேருந்தில் திரும்பினோம். குறை வண்டியில் இல்லை, அவன் கையில்தான் என்று முடிவு கட்டினோம். குடிக்கிறானோ என்னும் ஐயமும் வந்தது. அவன் உறங்கிய பின் குனிந்து வாயை முகர்ந்தோம். இதை எழுதக் கூசுகிறது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் வெறும் வண்டியோடு திரும்பியவன், சாலைப் பள்ளம் ஒன்றுக்காக இம்மியளவு ஒடித்திருக்கிறான். காவடி எடுத்து நடந்து வந்துகொண்டிருந்த ஆந்திரத்து அடியார்களை நோக்கி வண்டி பாய்ந்தது. ஒரு முழ இடைவெளியில் நின்றது. எவருக்கும் ஒன்றுமில்லை. ஏசுவார்கள் என்று நடுங்கி இறங்கியவனுக்குக் கிழவியொருத்தி திருநீறு இட்டாளாம். அன்றிரவு நைனா அவனிடமிருந்து சாவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கிங்பின், டைராடு முனைகள், ஸ்டியரிங் பெட்டி, டயர்க்காற்று என்று எல்லாவற்றையும் இருவர் பார்த்தனர். எதிலும் ஆட்டமில்லை. மூன்றாவதாக வந்த முதிய மெக்கானிக், வண்டியைத் தொடுமுன் கேட்டார்: "பாரத்துல ஆடுதா, காலியிலயா?"

நாங்கள் கேட்டிராத கேள்வி. "காலியில மட்டுந்தாங்க" என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடி.

பெரியவர் சட்டத்தின் உயரத்தை முன்னும் பின்னும் அளந்தார். மூக்கைத் தாழ்த்தி நிற்கும் மாட்டைப்போல் நின்றது வண்டி. சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடும் இடம் அதன் சுழல்தண்டுக்குப் பின்னால் இழுபடுவதால் சக்கரம் தானே நேராகிறது. லாரியில் கிங்பின்னின் தலையைச் சில பாகை பின்னுக்குச் சாய்த்து அதே வேலையை வாங்குகிறார்கள். கேஸ்டர் என்பது அந்தச் சாய்வின் பெயர். அச்சுகளுக்கிடையே மூன்று மீட்டர் உள்ள வண்டியில் பின்புறத்தைப் பத்து சென்டிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ இரண்டு பாகை போய்விடும். இருப்பதே சில பாகைதான். கல் ஏறியதும் பின்புறம் அமிழ்ந்து, சாய்வு மீண்டுவிடும். நாங்கள் சோதித்துப் பார்த்தது அந்த நிலையில்.

முன் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே, தடித்த பக்கம் பின்னோக்கி இருக்குமாறு ஆப்பு வைத்தால் சாய்வு திரும்பும் என்றார். முந்நூறு கல்லை விட மனமில்லாத நாங்கள் உடனே அதைப் பற்றிக்கொண்டோம். அவர் மறுத்தார். "ஆப்பு வெச்சா காலிக்குச் சரியாகும், பாரத்துல ஸ்டியரிங் கல்லா கனக்கும். பட்டையக் கழட்டுங்க, தம்பி."

அவிழ்த்த பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். கடன் தன் போக்கில்தான் அடைந்தது.

நைனா சாவியை எடுத்துத் தந்தபோது தம்பி வாங்கவில்லை. நாங்கள் இருவரும் அவனுக்கு முன்பே வண்டியில் ஏறி அமர்ந்தோம். கல் இல்லை, வெறும் வண்டி. நெடுநேரம் வாசலில் நின்றவன் பிறகு வந்து ஏறினான். நகரிச் சாலையின் வளைவொன்றில் திருப்பிவிட்டு ஸ்டியரிங்கைத் தளர விட்டான். அது அவன் உள்ளங்கைகளுக்கிடையே வழுக்கிச் சுழன்று நேரானது. எங்கள் பக்கம் அவன் திரும்பவில்லை.