காந்தலில் ஒரு கல்வாரி

ஊட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காந்தலைப் பார்ப்பதில்லை. தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, கையில் ஒரு பொட்டலம் வர்க்கி, அத்தோடு மலையிறங்கிவிடுகிறார்கள். சேரிங்கிராசிலிருந்து மேற்கே, ஏரிப் பக்கம் தாண்டிப் போனால் சாலை இறங்கும், வீடுகள் நெருங்கும், ஓட்டுக்கூரைகளும் தகரக் கூரைகளும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். அதுதான் காந்தல். ஊட்டியின் தோட்டத்தைக் கொத்தியவர்கள், காய்கறி மூட்டை தூக்கியவர்கள், விடுதிகளில் வெள்ளாவி வைத்தவர்கள், நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர்கள் குடியிருந்த பகுதி. தாழ்வான இடம் என்பதால் கனமழைக்கு முதலில் தண்ணீர் புகுவதும் இங்கேதான். சுற்றுலா வரைபடத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த ஊரில்தான் நீலகிரிக் கத்தோலிக்கர்களின் கல்வாரி இருக்கிறது.

அந்தச் சிலுவைத் திருத்தலத்தைக் குருசடி என்று கேட்டால் ஊட்டியில் யாரும் வழி சொல்வார்கள். இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு மரத்துணுக்கு இங்கே இருக்கிறது என்பது நம்பிக்கை. அதனால் கீழ்த்திசையின் எருசலேம் என்றும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்துக்குக் கூட்டம் சேரும். மே 3 திருவிழா. தவக்காலத்தில், அதுவும் பெரிய வெள்ளியன்று, பாடுகளின் கதையை இளைஞர்கள் வேடம் கட்டி நடித்துக் காட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் வழக்கம்போல 'தத்ரூபமாக' என்று எழுதும்.

நான் எழுத வந்தது அந்தத் 'தத்ரூபத்தை'ப் பற்றி.

ஊட்டி என்பதே நகல்களால் ஆன ஊர். 1819இல் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டார்கள். சேரிங்கிராஸ் என்று சந்திப்புக்கு லண்டன் இடத்தின் பெயர், வீடுகளுக்கு அங்குள்ள கிராமங்களின் பெயர், தோட்டத்தில் அங்குள்ள பூச்செடி. 1831 ஈஸ்டரன்று வழிபாட்டுக்குத் திறந்த புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்திரங்கள் மட்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து மலைமேல் இழுத்து வந்தவை. அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தோற்றவனின் கூரையைப் பிரித்து வந்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. குன்னூருக்குப் பக்கத்தில் திப்புவின் பழைய கோட்டை நிற்கும் மலைக்குப் பகாசுரன் மலை என்று பெயர். பீமன் வண்டிச்சோறு கொண்டுபோன கதையை அந்தப் பாறைகளில் ஏற்றிவிட்டார்கள் நம் ஜனங்கள். காந்தலிலேயே காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. காசிக்குப் போக வழியில்லாதவர்களுக்குக் காசி இங்கே வந்தது. எருசலேமும் அதே வழியில்தான் வந்திருக்கிறது.

வேதத்தை இந்த மலையில் தேடி வந்து கிடைக்காமல் திரும்பியவரும் உண்டு. நீலகிரிக்கு மேல் தொலைந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று மலையாளக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பி 1603இல் ஃபெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மேலேறினார். அவர் கண்டது தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும். கிறிஸ்தவத்தின் சுவடு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு இறங்கினார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லிவிட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது, அவர் சொல்லவில்லை. நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் குறிப்பு, ஒரு நம்பிக்கை பொய்த்ததை நேர்மையாகச் சொன்ன குறிப்பு.

காந்தலின் மரத்துணுக்கையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். கான்ஸ்டன்டைன் மன்னனின் தாய் ஹெலேனா நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்குப் போய்ச் சிலுவையைக் கண்டெடுத்தாள் என்பது கதை. அவளுடைய பயணத்தைப் பற்றி எழுதிய சமகாலத்தவர் யூசேபியஸ், சிலுவை கிடைத்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் அந்த நூற்றாண்டின் நடுவிலேயே எருசலேம் ஆயர் சிரில், துண்டுகள் உலகெங்கும் பரவிவிட்டதாகச் சொல்கிறார். 380களில் அங்கே போன எகேரியா என்ற பெண் பயணி எழுதிவைத்த காட்சி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய வெள்ளியன்று ஆயர் மரத்தின் இரு முனையையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். சுற்றிலும் தியாக்கோன்கள் காவல். மக்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து முத்தமிட்டுப் போகிறார்கள். காவல் எதற்கென்றால், முன்னொரு வருஷம் யாரோ ஒருவர் முத்தமிடுவதுபோலக் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பக்தியும் களவும் சந்தேகமும் அன்றே ஒரே வரிசையில் நின்றிருக்கின்றன.

1543இல் ஜான் கால்வின், ஊர் ஊராக இருக்கும் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பலுக்குச் சரக்காகும் என்று எழுதினார். இன்றும் ஊட்டியில் பிற சபைக் கிறிஸ்தவர்கள் சிலர் குருசடியைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். 1870இல் ரோஹோ த ஃப்ளூரி என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அறியப்பட்ட துண்டுகளை எல்லாம் பட்டியலிட்டு அளந்தார். மொத்தம் சுமார் 40 லட்சம் கன மில்லிமீட்டர். அதாவது நாலு லிட்டர்க் குடத்தில் அடங்கும். ஒரு ஆளைத் தாங்கும் சிலுவைக்கு அவர் போட்ட கணக்கு 17 கோடியே 80 லட்சம் கன மில்லிமீட்டர். கப்பல் கதை அதோடு முடிந்தது. ஆனால் அந்தக் கணக்கு அளவைத்தான் சொல்கிறது, உண்மையைச் சொல்லவில்லை. அயர்லாந்தின் வாட்டர்போர்டில் இருந்த துண்டு ஒன்றை ஆக்ஸ்போர்டில் கார்பன் சோதனைக்கு உட்படுத்தியபோது அது பதினோராம் நூற்றாண்டு மரம் என்று வந்தது. ஒன்று போலியானால் எல்லாம் போலி என்பதில்லை. ஆனாலும் எந்தத் துண்டைப் பற்றியும் 'நிச்சயம்' என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இருக்கக் கூடாது.

மே 3க்கும் ஒரு கதை உண்டு. சிலுவை கண்டெடுக்கப்பட்ட நாள் என்று திருச்சபை முழுதும் கொண்டாடிவந்த அந்தத் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து 1960இல் ரோமே எடுத்துவிட்டது. செப்டம்பர் 14இல் வரும் இன்னொரு சிலுவைத் திருநாள் மட்டும் நின்றது. காந்தல் விடவில்லை. கோடை சீசனின் நெரிசலில், மலர்க் கண்காட்சிக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கும்போது, இங்கே கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நடக்கும்.

இயேசு சிலுவை சுமந்த வழியை நின்று நின்று தியானிக்கும் சிலுவைப்பாதைக்கும் ஒரு கதை உண்டு. பதினான்கு ஸ்தலங்கள் என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் நிலைநிறுத்தினார். அவற்றில் வெரோனிக்காள் இயேசுவின் முகம் துடைப்பது நற்செய்திகளில் இல்லை. மூன்று முறை விழுவதும் இல்லை. வழியில் தாயைச் சந்திப்பதும் இல்லை. 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், வேதத்தில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் கொண்டு வேறொரு சிலுவைப்பாதையை ரோமில் நடத்தினார். எருசலேமில் இன்று பயணிகள் நடக்கும் துயரப்பாதையும் பிற்காலத்தில் நிலைத்த வழி. பிலாத்துவின் விசாரணை நகரின் மேற்குப் பக்கம், ஏரோது அரண்மனையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் புறப்படும் இடமே மாறிவிடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு முடியும்போது பெர்னார்தினோ கைமி என்ற பிரான்சிஸ்கன் துறவி, புனித நாட்டுக்குப் போக முடியாதவர்களுக்காக இத்தாலியின் வரல்லோவில் ஒரு மலைமேல் எருசலேமைக் கட்டத் தொடங்கினார். காந்தல் அந்த வம்சத்தில் வந்தது. நகலுக்கு மூலம் தேடிப் போனால் மூலமும் நடந்து நடந்து உண்டான தடமாகவே இருக்கிறது.

நடிப்பின் மேலும் சந்தேகம் உண்டு, அது மரத்தின் மேலுள்ள சந்தேகத்தைவிடக் கனமானது. 1548இல் பாரிஸ் உயர் நீதிமன்றம் பாடுகளின் நாடகத்தைத் தடை செய்தது. 1770இல் பவேரியாவிலும் தடை வந்தது. அதே பவேரியாவில், கொள்ளைநோய்க்கு நேர்ந்துகொண்டு 1634 முதல் நடித்துவரும் ஓபராமர்காவ் கிராமத்துக்கு அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. அந்த நாடகம் யூதர்களை ஒட்டுமொத்தமாகக் கொலைகாரர்களாகக் காட்டியது. 1934இல் ஹிட்லர் போய் ரசித்துப் பார்த்தார். இயேசுவின் சாவுக்கு யூத இனத்தின் மேல் பழி போடக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த பிறகும் அந்த ஊர் பல பத்தாண்டுகள் வசனங்களைத் திருத்த வேண்டியிருந்தது. வேதக் கதையை மேடையேற்றுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: வில்லன் வேடத்தை யார் தலையில் கட்டுகிறோம்?

தமிழ்நாட்டுக்கு இந்த நடிப்பு அந்நியமில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பாஸ்கா நாடக இரவுகள், வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து, படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன், யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் போட்ட பாடுகளின் நாடகங்கள் என்று எல்லாம் ஒரே மண்ணின் பழக்கம். காந்தலில் வேடிக்கை பார்க்க நிற்கும் இந்துக் கிழவிக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அபிமன்யு விழும்போது அழுத கண்ணுக்கு இவர் விழும்போதும் அழத் தெரியும்.

கிட்டே நின்று பார்த்தால் தெரிவது வேறு. வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டைத் தலைக்கவசம் வைத்த ரோமச் சேவகன், சிவப்புத் துணிக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டிருப்பான். சிலுவை சுமப்பவனுக்கு அந்தச் சலுகையில்லை. 2,200 மீட்டருக்கு மேலே, ஏப்ரலிலும் காலைத் தரை சில்லென்று இருக்கும். அவன் வெறுங்காலோடு ஏற்றத்தில் வருவான். உடம்பில் பூசிய சிவப்புச் சாயம் வேர்வையில் கரையும். கட்டையின் கனம் மட்டும் சாயமில்லை. மூன்றாவது முறை விழும்போது அது ஒத்திகையில் விழுந்த விழுகைதானா என்று கூட்டத்துக்கே தெரியாமல் போகும் ஒரு கணம் உண்டு. சாட்டையை ஓங்கியவன் அப்போது கையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான்.

இந்த நடை எந்தத் துணுக்கையும் நம்பி நிற்கவில்லை என்பதே என் துணிபு. மலைக்கு மூட்டை தூக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், சுமக்கிறவனின் கதையைத் தங்கள் ஏற்றத்தில் சுமந்து காட்டுகிறார்கள். அதற்குக் கார்பன் சோதனை வேண்டாம். அதனாலேயே குருசடி நிர்வாகம் கேள்விகளுக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. திருப்பண்டங்களுக்கு முத்திரையிட்ட சான்றோலை தருவது திருச்சபையின் பழைய முறை. இந்தத் துணுக்கோடு வந்த ஓலை எது, யார் கொடுத்தது, எந்த வருஷம் என்பதை வருகிறவர்கள் படிக்கும்படி தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். எகேரியா சொன்ன கடித்த கதையையும், கால்வினின் கப்பலையும், பிரெஞ்சுக்காரரின் நாலு லிட்டரையும் சேர்த்தே எழுதலாம். ஃபெனிசியோவுக்கு அந்தப் பலகையில் இரண்டு வரி தரலாம்.

அடுத்த மே மாதம் ஊட்டிக்கு வருகிறவர்கள் மலர்க் கண்காட்சிக்கு வாங்கிய நுழைவுச்சீட்டோடு அரை நாளைக் காந்தலுக்கும் ஒதுக்குங்கள். காந்தல் முக்கோணம் என்று கேட்டு இறங்கி நடந்தே போங்கள். காசி விசுவநாதரையும் பாருங்கள், குருசடியையும் பாருங்கள், இடையிலுள்ள சந்துகளில் மழைத் தண்ணீர் போக வழியில்லாத சாக்கடைகளையும் பாருங்கள். அவற்றைச் சரிசெய்ய வேண்டியது நகராட்சி.