ஊட்டியில் பூத்தது, நம்ம ஊரில் ஏன் வாடுது?

ஊட்டியிலிருந்து இறங்கும் கார்களின் பின் சீட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வர்க்கி பாக்கெட், யூகலிப்டஸ் தைலம், ஒரு பை கேரட். அதோடு யாராவது ஒருவர் மடியில் கறுப்பு கவரில் ஒரு பூச்செடி கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் நீலப் பந்து போலப் பூத்த ஹைட்ரேஞ்சியா. குன்னூர் வரை ஜம்மென்று இருக்கும். மேட்டுப்பாளையத்தில் தலை தொங்க ஆரம்பிக்கும். மூன்று வாரத்தில் மொட்டை மாடியில் காலித் தொட்டி மட்டும் மிஞ்சும். "நமக்குக் கைராசி இல்லை" என்று வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தோட்டக்காரர்கள் அன்றாடம் பேசும் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தால், எதை வாங்கலாம், எதைப் பார்த்து ரசித்துவிட்டு வரலாம் என்பது பளிச்சென்று புரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டே கற்கலாம்.

சேரிங்கிராஸிலிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். (நீலகிரிக்கு வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் சுமார் 55 ஏக்கரில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் தோட்டம் இது. ஆரம்பத்தில் இது பூந்தோட்டமே இல்லை. 1840-களில் இங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் வீட்டுச் சமையலுக்காக நடத்திய காய்கறித் தோட்டம். 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்த பிறகுதான் இந்தச் சரிவு பூங்காவாக உருவெடுத்தது. லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்றவர் அவர். அவருடைய கதைக்கு பிறகு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் நம்மை இழுப்பது பூப்பாத்திகள். பேன்சி, பெட்டூனியா, சால்வியா, மேரிகோல்டு என்று கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஒருபருவச் செடிகள். விதையிலிருந்து முளைத்து, பூத்து, விதை விட்டு, சில மாதங்களில் ஆயுளை முடித்துக்கொள்பவை. மே மாத மலர்க் கண்காட்சிக்காக (2025-ல் நடந்தது 127-வது) பல மாதங்களுக்கு முன்பே நாற்றங்காலில் விதை போட்டு, நாற்றைப் பிரித்துத் தொட்டிக்கு மாற்றி, கூட்டம் வரும் வாரத்தில் சரியாகப் பூக்கும்படி கணக்குப் போட்டு வளர்க்கிறார்கள். ஆக, பூ நிறைந்து நிற்கும் ஒருபருவச் செடியை வாங்குவது, கிளைமாக்ஸ் நேரத்தில் தியேட்டருக்குள் போவது மாதிரி. அது வீட்டுக்கு வந்து மடிந்தால் யார் மீதும் தப்பில்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான்.

ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து திரும்பத் திரும்பப் பூப்பவை பல்லாண்டுச் செடிகள். நம் மல்லிகை, செம்பருத்தி, ரோஜா எல்லாம் இந்த ரகம். நடுவில் ஈராண்டுச் செடி என்று ஒன்று உண்டு. உங்கள் பையில் இருக்கும் ஊட்டி கேரட்டே அதற்கு உதாரணம். முதல் ஆண்டில் இலைவிட்டு, உணவையெல்லாம் வேரில் சேமிக்கும். ஒரு குளிர்காலத்தைப் பார்த்த பிறகுதான் பூக்கும். அது பூக்கச் சேர்த்து வைத்த சேமிப்பைத்தான் நாம் இடையில் புகுந்து பொரியல் செய்துவிடுகிறோம்! இப்படிக் குளிர் பட்டால்தான் பூப்பேன் என்று அடம் பிடிக்கும் தாவரங்கள் நிறைய. நீலகிரியில் காய்க்கும் பிளம்ஸ், பேரி, பீச் மரங்களுக்கும் குறிப்பிட்ட அளவு குளிர் தேவை. அவற்றின் கன்றை மதுரையில் நட்டால் இலை விடலாம், காய்க்குக் காத்திருக்க வேண்டாம்.

பாத்திகளைத் தாண்டினால் பெரிய புல்வெளி. குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள், வாரத்துக்கு வாரம் மெஷின் வைத்து வெட்டுகிறார்கள், இருந்தும் புல் சாகவில்லை. ஏன்? புல்லின் வளரும் பகுதி அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. மற்ற செடிகளுக்கு அது தலையில், நுனி மொட்டில் இருக்கிறது. நுனி மொட்டு ஒரு கண்டிப்பான மூத்த அண்ணன் மாதிரி. ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கும். அந்த நுனியைக் கிள்ளிவிட்டால் போதும், அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் எல்லாம் கிளைவிட்டு, செடி புதராக அடரும். வீட்டுத் துளசி ஒற்றைக் குச்சியாக நெட்டையாகப் போகிறதென்றால், கிள்ள மனசு வராமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதையே மலை முழுக்கச் செய்து பார்க்க ஆசையா? ஊட்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். தேயிலை உண்மையில் மரம். வெட்டாமல் விட்டால் வீட்டைவிட உயரமாகப் போய்விடும். இடுப்பு உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பது கவாத்து. தொழிலாளர்கள் கொழுந்து கிள்ளக் கிள்ள, புதுக் கொழுந்து வந்துகொண்டே இருக்கிறது. காலையில் நாம் குடிக்கும் டீ, நுனி மொட்டை இழந்த செடி தந்ததுதான்.

இன்னொரு சொல், கணு. தண்டில் இலை முளைக்கும் இடம். அங்கேதான் மொட்டு ஒளிந்திருக்கிறது, பெரும்பாலான செடிகளில் குச்சி வேர்விடுவதும் அங்கிருந்துதான். "குச்சி கொண்டுவந்து நட்டேன், வரவே இல்லை" என்பவர்கள் ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டுப் பாருங்கள். ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா எல்லாம் இப்படித்தான் பெருக்கப்படுகின்றன.

இனி மெக்ஐவர். பூங்காவில் கார்க் மரம், காகிதப்பட்டை மரம், குரங்குகூட ஏறத் திணறும் முள்ளிலை கொண்ட 'மங்கி பஸில்' மரம் என்று வேடிக்கையான மரங்கள் உண்டு. அவற்றின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெளியே தெரியும் கரடுமுரடான பகுதி உயிரற்றது. அதற்கு உள்ளே, இலை தயாரித்த உணவை வேருக்குக் கொண்டுபோகும் உள்பட்டை. அதற்கும் உள்ளே மெல்லிய படலமாக கேம்பியம். மரத்தைப் பருக்க வைப்பதும், காயத்தை ஆற்றுவதும் இந்தப் படலம்தான்.

மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1860-களில் நீலகிரியில் சிங்கோனாவை வளர்க்கும் பொறுப்பு மெக்ஐவரிடம் வந்தது. பட்டைக்காக மரத்தையே வெட்டிவிட்டால் அடுத்த பட்டைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டையைச் சுற்றிலும் உரிக்காமல், நீளவாக்கில் பட்டை பட்டையாக மட்டும் உரித்தார். உரித்த இடத்தை ஈரமான பாசியால் மூடிக் கட்டினார். உள்ளே இருந்த கேம்பியம் காய்ந்து போகவில்லை. மெல்ல மெல்லப் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் குயினைன் அதிகமாகவே இருந்தது! கையில் அடிபட்டால் பேண்டேஜ் போடுகிற அதே யோசனை.

சுற்றிலும் வளையமாக உரித்திருந்தால் கதை வேறு. வேருக்குச் சாப்பாடு போகும் வழி மொத்தமும் அடைபட்டு மரம் பட்டினியில் செத்துவிடும். தெருவோர மரத்தில் இரும்புக் கம்பியை இறுக்கிக் கட்டி, அதை அப்படியே மறந்துவிடுகிறோமே, மரம் பருக்கப் பருக்க நடப்பது இதுதான். காதலர்கள் பெயரைச் செதுக்குவது அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், ஒவ்வொரு எழுத்தும் பூஞ்சைக்குத் திறந்துவிட்ட ஒரு கதவு.

அப்படியே கண்ணாடி மாளிகைக்கும் பெரணி இல்லத்துக்கும் போய்விடுங்கள். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலையைத் திருப்பினால் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். தூள் போன்ற வித்துகள் உருவாகும் இடம் அது. குழந்தைகளிடம் காட்டினால் "பூச்சி முட்டையா?" என்பார்கள். அந்தப் புள்ளிகளைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிற பெரியவர்களும் உண்டு.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்றால் வெளியே இருப்பதைவிடக் கதகதப்பு தெரியும். இதுதான் நுண்காலநிலை. ஊர் முழுக்க ஒரே வெயில் என்றாலும் கிணற்றடி ஒரு மாதிரி, மொட்டை மாடி ஒரு மாதிரி இல்லையா? தோட்டக்காரரின் பாதித் திறமை இதை வளைப்பதில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஊட்டியில் உறைபனி விழும். செடியின் செல்களில் உள்ள நீர் உறைந்து, திசு கிழிந்து, வெயில் வந்ததும் இலை கருகியது போல ஆகிவிடும். அதற்காகப் பூங்கா ஊழியர்கள் மாலையில் கோத்தகிரி மிலார் செடிகளால் நாற்றுகளை மூடி வைக்கிறார்கள். அதிகாலையில் புல்வெளியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். நாம் ரஜாய்க்குள் சுருண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் கையில் தண்ணீர்க் குழாய்.

இப்போது ஹைட்ரேஞ்சியாவுக்கு வருவோம். அதன் நீலம் மண் கொடுத்த நிறம். நீலகிரியின் புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் எளிதாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். அதே செடியைச் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நம் ஊர்களில் பல இடங்களில் மண்ணும் சரி, போர்வெல் தண்ணீரும் சரி, சுண்ணாம்பு கலந்தவைதான். நிறம் மாறினால்கூடப் பரவாயில்லை, உயிர் போவதற்குக் காரணம் வேறு.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. இறங்கும்போது ஒரே நாளில் செடிக்கு 12 டிகிரிக்கு மேல் வித்தியாசம். பகல் வெயிலை நிழல்வலை போட்டுச் சமாளித்துவிடலாம். இரவுதான் பிரச்னை. செடி பகலில் உணவு தயாரிக்கிறது, இரவில் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெப்பமோ, செலவு அவ்வளவு வேகம். குளிர் இரவுக்குப் பழகிய செடிக்குச் சென்னையின் மே மாத இரவில் வரவைவிடச் செலவு அதிகம். வாடுகிறது. நாம் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம், இன்னும் வாடுகிறது, இன்னும் ஊற்றுகிறோம். கடைசியில் வேர் அழுகிவிடுகிறது.

அதனால் சமவெளிக்காரர்கள் ஹைட்ரேஞ்சியா, ஃபுஷியா, மலை பிகோனியா மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுவது நல்லது. கோவை, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் காலை வெயில் மட்டும் படும் இடம் இருந்தால் துணியலாம். ரோஜா வாங்கலாம், ஆனால் பூவைப் பார்க்காமல் தண்டின் அடியைப் பாருங்கள். ஒட்டு ரோஜாவில் ஓர் இடத்தில் முண்டு போலிருக்கும். மேலே நல்ல ரகம், கீழே தாக்குப்பிடிக்கும் காட்டு ரோஜாவின் வேர். அந்த முண்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் ஆறு மாதத்தில் காட்டு ரோஜா மட்டும் நிற்கும், "ரோஜா நிறம் மாறிடுச்சு" என்று நர்சரிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். வாங்கிய செடியை வந்த அன்றே வெயிலில் வைக்கவும் கூடாது. பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

குன்னூர்ச் சாலையிலேயே பர்லியாறில் அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. மங்குஸ்தானும் துரியனும் அங்கே காய்க்கும். அதே மலை, அதே மழை. ஆனால் ஊட்டி உயரத்தில் அவை வரவே வராது. மேலிருந்து கீழே மட்டுமில்லை, கீழிருந்து மேலேயும் செடிகள் இடம் பார்த்துத்தான் வாழும்.

சில செடிகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இருக்காது. பூங்காவின் உச்சிக்கு ஏறி, சுற்றியுள்ள மலைகளைப் பாருங்கள். விறகுக்காக வந்த சீகை மரம், வெளிநாட்டினர் ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம், தோட்ட அழகுக்காக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி. எல்லாம் வேலி தாண்டிப் போய், இந்த மலையின் சொந்தப் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கின்றன. ஆக்கிரமிப்புத் தாவரம் என்பார்கள். அந்த மஞ்சள் பூ முன்னால்தான் பலரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பூங்காவை ஒட்டி மேலே இருக்கும் தோடர் மந்தைச் சேர்ந்தவர்களுக்கு, எருமை மேய்த்த புல்வெளி சுருங்கிப்போன கணக்கு அது.

அந்தப் புல்வெளிகளில்தான் குறிஞ்சி இருக்கிறது. பல்லாண்டுச் செடிதான், ஆனால் ஆயுளில் ஒரே ஒருமுறை, 12 ஆண்டுகள் கழித்துக் கூட்டமாகப் பூத்து, விதை விட்டு மடிந்துவிடும். நம் வாழையும் மூங்கிலும்கூட இப்படி ஒருமுறை பூப்பவைதான். 2018-ல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030. அதுவரை வெறும் பச்சைப் புதராகத்தான் நிற்கும், பக்கத்திலேயே நடந்து போனாலும் கண்டுகொள்ள மாட்டோம்.